குரைத்த நேரம், குரைத்த காரணம்

மார்ச் 3, செவ்வாய்

பட்டாணி இன்று முதன்முறையாகக் குரைத்தது. இதுவரை கீச்சுக் கீச்சென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் குரைப்பு என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று காலை ஏழு மணிக்கு வாசல் கதவைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒன்று. குரைத்துவிட்டு, யார் குரைத்தது என்று அதுவே திரும்பிப் பார்த்தது.

மனைவி கைதட்டினாள். உடனே மகளுக்குப் போன். "உன் புள்ளைக்குக் குரல் உடைஞ்சிருச்சுடி!" இந்த நாயை வாங்கி வந்தது மகள்தான். இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சினாள், பட்டாணி என்று பேர் வைத்தாள், பிறகு கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். நாய் போகவில்லை. பேர் வைத்த அன்று இரண்டு உள்ளங்கையில் அடங்கியது. இப்போது ஐந்தரை மாதம், பதினாறு கிலோ.

கதவைத் திறந்து பார்த்தேன். வெளியே யாருமில்லை.

மார்ச் 5, வியாழன்

கிளினிக்கில் கருவி மறுபடி மக்கர். காலையில் திறந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எல்லா ஒலியும் ஒழுங்காக வருகிறதா என்று நானே கேட்டுப் பார்ப்பது வழக்கம். இருபத்தாறு வருடமாகக் காது பரிசோதிக்கிறேன், இதை ஒருநாளும் விட்டதில்லை. கீழ் ஒலிகள் எல்லாம் சரி. மேலே போகப் போக, அந்தச் சன்னமான கீச்சு ஒலிகள் இருக்கின்றனவே, அவை வரவேயில்லை. வலதிலும் இல்லை, இடதிலும் இல்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். சொந்த அக்கா இல்லை. பதினான்கு வருடமாக வரவேற்பு மேசையில் இருப்பவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். மாட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே தம்பி கேக்குது" என்றார்.

கேட்காததைக் கேட்டதாகச் சொல்வது மனித சுபாவம். சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்று பட்டனைக் கையில் கொடுத்துவிட்டால் கௌரவத்துக்காகவாவது அழுத்துவார்கள். தினமும் பார்க்கிறேன். அக்கா அந்த ரகம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

மெக்கானிக்குக்குச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று ஆறு தடவை குரைத்தது. ஆறு தடவையும் கதவைத் திறந்து பார்த்தேன். ஒருவருமில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பதினொரு தடவை. திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 14, சனி

கீழ்வீட்டு வங்கிக்காரர் வந்தார். ஓய்வு பெற்று எட்டு வருடமாகிறது, இன்னும் சட்டையை உள்ளே விட்டுத்தான் மாடி ஏறுகிறார். எங்கள் பன்னிரண்டு வீட்டுக் கட்டடத்துக்குச் செயலாளர் அவர்தான். கதவை இடி இடியென்று இடித்தார்.

"மணியடிக்கக் கூடாதா சார்?" என்றேன்.

"நாலு தடவை அடிச்சேன்."

அவர் தலைமையில் கட்டடம் முழுக்க மாட்டிய புது மணிகள். மட்டமான சரக்கு என்று அப்போதே சொன்னேன். இப்போதும் சொன்னேன். அவர் பொத்தானை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பட்டாணி மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன்.

வந்த விஷயம் நாய். மத்தியானம் அவரால் கண்ணயர முடியவில்லையாம். "அதுவும் நீங்க வீட்டுல இருக்குற நாள்லதான் இந்தக் கூத்து. மேடம் மட்டும் இருந்தா அவ்வளவா சத்தம் இல்ல" என்றார்.

இது அபாண்டம். நாய்க்கு நான் என்ன செய்தேன்?

மார்ச் 22, ஞாயிறு

மெக்கானிக் வந்து இரண்டு மணி நேரம் கருவியைப் பிரித்துப் போட்டுப் பார்த்தான். "ஒண்ணுமே இல்லீங்க சார், கன கச்சிதமா இருக்கு." போகும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

வேறு மெக்கானிக் பார்க்க வேண்டும்.

மார்ச் 27, வெள்ளி

செயலாளர் கையெழுத்திட்ட கடிதம். மே 31-க்குள் நாயின் சத்தத்துக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும், இல்லையேல் நாயை அப்புறப்படுத்த வேண்டும். "அப்புறப்படுத்த" என்பதற்கு அடிக்கோடு.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கடிதத்தைப் படித்துவிட்டு, "ரெண்டு மாசம், நாலு நாள்" என்றாள். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கழுவாமல் போய் நாயின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். இருபத்து நான்கு வருடத்தில் அவள் தட்டைக் கழுவாமல் விட்டது, எனக்குத் தெரிந்து, இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 4, சனி

மச்சான் வந்திருந்தார். மனைவியின் அண்ணன். ஊருக்கு வெளியே மரக் கிடங்கு வைத்திருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டு நாயைப் பார்க்க வந்தாராம். மார்பைத் தடவினார், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், காதருகே கை சொடுக்கினார். பட்டாணி ஒரு குரை குரைத்தது. மச்சானுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சும்மா சொல்லக் கூடாது மாப்ள, என்னா குரல்! என் கிடங்குக்குக் குடுத்துடுங்க. வாசல் கேட் பக்கத்துல ஒரு சங்கிலி, ஒரு தகரக் கூரை. ராஜா மாதிரி இருப்பான்."

"சங்கிலியிலயா?" என்றாள் மனைவி.

"பின்ன? காவல் நாய்னா சங்கிலியிலதான்."

சரி, பார்க்கலாம் என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே — அதை இங்கே எழுதப்போவதில்லை.

மச்சான் போனதும், சங்கிலி என்றால் எவ்வளவு நீளம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 8, புதன்

நாய்ப் பயிற்சிக்காரர் வந்தார். மனைவி ஏற்பாடு. ஒல்லியான மனிதர், யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. என்னிடம் "உக்காருங்க" என்றார். நானும் பட்டாணியும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தோம்.

அவர் அதிகமாகப் பேசியது ஒரே ஒரு தடவை. "ஆறு மாசத்துல இப்பிடித்தான் சார் வரும். இது நம்ம வீடு, இவங்க நம்ம ஆளுங்கன்னு புரிஞ்சுடும். யாரும் சொல்லித் தர வேணாம், ரத்தத்துல இருக்கு. குரைக்கிறது சண்டைக்கு இல்ல. சேதி. 'அங்க ஏதோ சத்தம், பாத்துக்கோ'ன்னு சொல்லுது. சேதி சேந்துடுச்சுன்னு தெரிஞ்சா விட்டுடும். அடக்குறதுக்கு முன்னாடி எதுக்குக் குரைக்குதுன்னு தெரியணும்."

ஆளுக்கு ஒரு நோட்டுப் போடச் சொன்னார். குரைத்த நேரம், குரைத்த காரணம். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. மனைவி வீட்டில் இருக்கும்போது மனைவி எழுத வேண்டும், நான் மட்டும் இருக்கும்போது நான்.

குறிப்பெடுப்பதில் எனக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. நோட்டில் அப்போதே கோடு போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 13, திங்கள்

கிளினிக்குக்கு இன்று விடுமுறை. நாள் முழுக்க நாயும் நானும். என் நோட்டிலிருந்து:

7.50 – காரணம் இல்லை.
8.20 – காரணம் இல்லை.
9.05 – குப்பை வண்டி. (இது நியாயம்.)
9.40 – காரணம் இல்லை. என் முகத்துக்கு நேராக நின்று.
11.15 – காரணம் இல்லை. என் கால் சட்டையைப் பிடித்து இழுத்தது.
2.30 – காரணம் இல்லை.
2.35 – அதே, தொடர்ச்சி.

குரைப்பது கூடப் பரவாயில்லை. குரைக்கும் முன் என்னை ஒரு பார்வை பார்க்கிறது. 'உன்னால முடியுமா, நானே சொல்லட்டுமா' என்கிற மாதிரி. இந்தப் பார்வையை மாமனாரிடம்கூட நான் வாங்கியதில்லை.

ஏப்ரல் 15, புதன்

இரண்டாவது மெக்கானிக்கும் கருவி கச்சிதம் என்கிறான். இந்தத் தலைமுறைக்கு வேலையில் அக்கறையே இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மனைவி காய்கறி வாங்கப் போயிருந்தாள். காபிக்காக, தண்ணீர் கொதித்தால் விசிலடிக்கிற கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுக் கூடத்தில் வந்து பேப்பர் படித்தேன். பதினொன்று இருபதுக்குப் பட்டாணி ஆரம்பித்தது. சமையலறை வாசலுக்கு ஓட்டம், என்னிடம் ஓட்டம், மறுபடி சமையலறை. குரைப்பு நிற்கவேயில்லை. கீழே வங்கிக்காரர் கட்டையால் கூரையை இடிப்பது கேட்டது. அது நன்றாகக் கேட்டது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்தினேன். நோட்டில் எழுதினேன்: "11.20 முதல். காரணம் இல்லை. திமிர்."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கத்திக்கொண்டே இருந்தது. நான் பேப்பரைத் திருப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு மனைவி வந்தாள். பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கெட்டில் அடி சிவந்து, கைப்பிடி உருகி அடுப்பில் ஒழுகி, மேலே தொங்கிய துணி ஓரம் கருகிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை.

"விசில் அடிச்சிருக்குமே! இவ்வளவு நேரம் அடிச்சிருக்குமே! என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"விசில் கெட்டுப்போச்சு" என்றேன். "அடிக்கவே இல்லை."

அவள் போய்ப் பால்கனிக் கதவைத் திறந்தாள். பட்டாணி அவளைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்தது. பிறகுதான் வாலாட்டியது.

என் நோட்டு மேசை மேல் திறந்தபடியே கிடந்தது. மனைவி படித்தாள். பார்க்கக் கூடாது என்பது விதி என்றேன்.

சாயங்காலம் நாய்க்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 25, சனி

பயிற்சிக்காரர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனைவியின் நோட்டு:

7.05 – லிப்ட் மணி.
7.40 – எதிர்வீட்டுச் சாவிக்கொத்து.
5.10 – வாஷிங் மெஷின் முடிந்த சத்தம்.
5.25 – பிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை, பீப் பீப்.
6.30 – வாசல் மணி.
6.50 – அவருடைய போன்.

ஒவ்வொன்றுக்கும் நேராக "ஒரு தடவை" அல்லது "இரண்டு தடவை, நின்றுவிட்டது". என் நோட்டில் மூன்று பக்கத்துக்குக் காரணம் இல்லை, காரணம் இல்லை, காரணம் இல்லை.

பயிற்சிக்காரர் நோட்டுகளை மேசையில் வைத்துவிட்டு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் பட்டாணி தலையைத் தூக்கியது. மனைவி காபி தம்ளரிலிருந்து கண்ணை எடுத்து வாசலைப் பார்த்தாள். பட்டாணி அவளைப் பார்த்தது, தலையைக் கீழே போட்டது. அவ்வளவுதான்.

பிறகு மனைவியைக் கீழே போய் நிற்கச் சொன்னார். நான், நாய், அவர். ஐந்து நிமிடம் கழித்துப் பட்டாணி எழுந்தது. வாசலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. காத்திருந்தது — இன்று கவனித்தேன், நன்றாகவே காத்திருந்தது. பிறகு குரைத்தது.

"ஏன் குரைச்சான்?" என்றார்.

"காரணம் இல்லாமல்தான். இதைத்தான் நான் முதலிலிருந்தே—"

"லிப்ட் மணி அடிச்சுது சார்."

நான் என் நோட்டை எடுத்து மூடினேன்.

"மேடம் திரும்பிப் பாக்குறாங்க, அவன் விட்டுடறான். நீங்க திரும்பல. சேதி சேரலன்னு நெனச்சு மறுபடி சொல்றான். நாய்க்கு ஒரு கோளாறும் இல்ல."

இந்த மனிதரை என் வீட்டுக்குள் விட்டது யார்? அட, நான் யார் தெரியுமா? எத்தனை ஆயிரம் பேர் காதை நான் — வேண்டாம். எழுதவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

காலையில் மனைவியிடம் கேட்டேன், எப்போதிலிருந்து தெரியும் என்று.

"மூணு வருஷமா."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். 'காதைப் பத்தி எனக்கே சொல்றியா'ன்னு குதிச்சீங்க. ரெண்டு நாள் பேசல. அப்புறம் நானும் விட்டுட்டேன்."

அந்த இரண்டு நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எதற்குக் கோபம் என்பதுதான் மறந்துபோயிருந்தது.

ஏப்ரல் 28, செவ்வாய்

புது ஹெட்போன் வந்தது. மாட்டிப் பார்த்தேன். மேல் ஒலிகள் வரவில்லை.

மே 2, சனி

கடைசி நோயாளி போனதும் அக்கா வாசல் கதவைப் பூட்டிவிட்டு வந்து, பரிசோதனை அறைக் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றார். நான் போய் உட்கார்ந்தேன்.

இருபத்தாறு வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததில்லை. முதுகு வலிக்கும் நாற்காலி. ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

அக்கா ஹெட்போனை மாட்டிவிட்டு, பட்டனைக் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனார். ஒலிகள் எந்த இடைவெளியில் வரும் என்று எனக்கு அத்துப்படி. கண்ணை மூடிக்கொண்டு, ஒன்று விட்டு ஒன்று, நிதானமாக நான்கு தடவை அழுத்தினேன்.

அக்காவின் குரல் வந்தது. "தம்பி, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

பிறகு ஒழுங்காக உட்கார்ந்தேன்.

பரிசோதனைப் படம் கையில் இருக்கிறது. கீழ் ஒலிகளுக்குச் சமதரையாகப் போய், மேல் ஒலிகள் தொடங்குகிற இடத்தில் திடீரென்று கீழே விழுகிற கோடு. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இரண்டும் கைகோத்துக்கொண்டு விழுந்திருக்கின்றன. இதே படத்தை எத்தனை பேர் முன்னால் நீட்டி, "ஒண்ணும் கவலைப்படாதீங்க, கண்ணாடி போட்டுக்குற மாதிரிதான்" என்று சொல்லியிருப்பேன்! அவர்கள் ஏன் பதில் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது தெரிகிறது.

அக்கா, "ஒண்ணும் கவலைப்படாதீங்க தம்பி" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. நல்ல பெண்மணி.

வெட்கமாக இருக்கிறது. மறைக்க ஒன்றுமில்லை, இந்த டைரியை நாய்கூடப் படிக்காது. ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

மே 11, திங்கள்

காது மெஷின் ஒரு ஜோடி, என் அளவுக்கு, வந்துவிட்டது. கம்பெனி ஏஜென்ட் "யார் சார் பேஷன்ட்?" என்றான். ஒரு உறவினர் என்றேன்.

மேசை டிராயரில் வைத்திருக்கிறேன்.

மே 17, ஞாயிறு

பட்டாணி இன்று பதினான்கு தடவை. இருபது கிலோ ஆகிவிட்டது. குரலும் அதற்குத் தகுந்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் நான் திரும்பி வாசலைப் பார்த்தேன், கேட்டது மாதிரி நடித்து. அது ஏமாறவில்லை. எதையும் கேட்காமல் திரும்புகிறவனுக்கு எப்போது திரும்ப வேண்டும் என்று தெரியாது அல்லவா. நான் திரும்பும்போதெல்லாம் அது சும்மா படுத்திருந்தது. அது குரைத்தபோதெல்லாம் நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 24, ஞாயிறு

மச்சான் போன் செய்தார். தகரக் கூரை போட்டாகிவிட்டதாம். அடுத்த ஞாயிறு வண்டியோடு வருகிறாராம். சனிக்கிழமை கட்டடத்துக் கூட்டம், அதில் என்ன முடிவானாலும் நாயைக் கொண்டுபோகத் தயார் என்றார்.

மனைவி: "கூட்டத்துல விஷயத்தைச் சொல்லிடுங்க."

நான்: "என்னன்னு சொல்றது? காது டெஸ்ட் பண்றவனுக்குக் காது கேக்காதுன்னா? இந்தக் கட்டடத்துலயே மூணு பேர் என்கிட்ட மெஷின் வாங்கி மாட்டியிருக்காங்க. வங்கிக்காரரோட சம்சாரம் உட்பட. நாளைக்கு யாரு என்கிட்ட வருவா?"

மனைவி: "அப்ப அவன் சங்கிலியில கெடக்கட்டும்."

இப்படி ஒரு வாக்கியத்தைக் குரல் உயர்த்தாமல் சொல்லக் கணக்கு டீச்சர்களால்தான் முடியும்.

பட்டாணி வந்து என் காலில் தாடையை வைத்துக்கொண்டது. எதைப் பார்த்து இந்த ஆளைக் காக்க வேண்டும் என்று முடிவு செய்தது? மூன்று மாதமாக ஒரு ஆள் விடாமல் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். மனைவி, அக்கா, இரண்டு மெக்கானிக். இது ஒன்றுதான் முகத்துக்கு நேராகச் சொல்லிக்கொண்டே இருந்தது. அதைத்தான் நான் பால்கனியில் போட்டேன்.

மே 30, சனி

கூட்டம் கார் நிறுத்துமிடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள். பன்னிரண்டு வீட்டில் பதினொரு வீடு வந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி, பெயின்ட், மூன்றாவதாக நாய்.

டிராயரிலிருந்து எடுத்த டப்பா சட்டைப் பையில் இருந்தது. மாட்டிக்கொள்ளவில்லை. எழுந்து நின்றேன். தயார் செய்து வைத்திருந்த பேச்சு அரைப் பக்கம். பயிற்சி, முன்னேற்றம், கால அவகாசம் என்று அழகாக ஆரம்பித்தேன். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"நாய் சும்மா குரைக்கல" என்றேன். "எனக்குக் காது கேக்கல. சன்னமான சத்தம் எதுவும் கேக்காது. மணி அடிச்சா, லிப்ட் வந்தா, அடுப்புல விசில் அடிச்சா எனக்குத் தெரியாது. அதனால அவன் வந்து சொல்றான். நான் புரிஞ்சுக்கல. அதனால திரும்பத் திரும்பச் சொல்றான். தப்பு என்னுது."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதாவது முணுமுணுத்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது, அது வேறு விஷயம்.

வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எல்லாருக்கும் தெரியும் சார். மேல சொல்லுங்க."

"தெரியுமா?"

"உங்க வாசல்ல நின்னு நாலு தடவை மணியடிச்சவன் நான். என் சம்சாரத்துக்கும் தெரியும். உங்ககிட்ட வாங்குன மெஷின் நல்லாருக்கு, அதுல குறையில்ல. சரி. உங்க காது உங்க விஷயம். எங்க காது எங்க விஷயம். நாய்க்கு என்ன பண்ணப் போறீங்க?"

இதற்குள் மேல்மாடி நர்ஸ் கையைத் தூக்கினார். மெல்லிய குரல். பக்கத்து நாற்காலிக்காரர் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. "லிப்ட்ல பாக்குறப்பல்லாம் சாருக்கு குட் மார்னிங் சொல்வேன். திரும்பியே பாக்க மாட்டாரு. பெரிய டாக்டர், நம்மகிட்டல்லாம் பேச மாட்டாரு போலன்னு ரெண்டு வருஷமா சொல்றதையே விட்டுட்டேன். இப்பத்தான் தெரியுது."

"நான் டாக்டர் இல்லை" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

டப்பாவைத் திறந்து, எல்லோர் முன்னாலும், வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று மாட்டிக்கொண்டேன். இடது பக்கத்துக்கு இரண்டு தடவை ஆயிற்று. ஆயிரம் பேருக்கு மாட்டிவிட்ட கை.

வாக்கெடுப்பு. இன்னும் ஒரு மாதம் கொடுக்கலாம் என்று ஏழு, கூடாது என்று நான்கு. வங்கிக்காரர் எதற்குக் கை தூக்கினார் என்று பார்க்கவில்லை. மனைவி பார்த்தாளாம். சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மச்சானுக்குப் போன் செய்து, நாளை வர வேண்டாம், அடுத்த மாதக் கடைசியில் பார்க்கலாம் என்றேன்.

மே 31, ஞாயிறு

காது முழுக்க ஒரே இரைச்சல். பேப்பர் திருப்பினால் தகரத்தை மடக்குகிற மாதிரி. குழாய் சொட்டுகிறது, பிரிட்ஜ் முனகுகிறது, என் செருப்பு கீச்சிடுகிறது. இத்தனையையும் கேட்டுக்கொண்டுதான் மனைவி என்னோடு பொறுமையாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

பத்து மணி சுமாருக்கு 'டிங்' என்று ஒரு மணி. என்ன என்று கேட்டேன். லிப்ட் என்றாள். ஓகோ, இதுதானா.

ஜூன் 4, வியாழன்

நோயாளி ஒருவர், எழுபது வயது, படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. வழக்கமான வசனத்துக்கு வாய் திறந்தேன். பிறகு தலையைத் திருப்பி என் காதைக் காட்டினேன். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். எந்த மெஷின் போட்டிருக்கீங்களோ அதே வேணும் என்று எழுதிக்கொண்டு போனார்.

காலைப் பரிசோதனையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டேன். முதல் மெக்கானிக்குக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார், அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தேன்" என்றான். இரண்டாவது மெக்கானிக் போனை எடுக்கவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

பயிற்சிக்காரர் சொல்லிக்கொடுத்தபடி செய்கிறோம். சத்தம் கேட்டதும் திரும்ப வேண்டும், வாசலைப் பார்க்க வேண்டும், "கேட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். நாய்க்குப் பயிற்சி என்று பேர். செய்வதெல்லாம் நான்.

இன்று ஒன்பது தடவை. இவனுக்கு இன்னும் என் மேல் நம்பிக்கை வரவில்லை. நான் "கேட்டுச்சு" என்ற பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று குரைக்கிறான்.

ஜூன் 13, சனி

ஐந்து.

ஜூன் 16, செவ்வாய்

லிப்டில் நர்ஸ் "குட் மார்னிங் சார்" என்றார். குட் மார்னிங் என்றேன். இவ்வளவுதான், இதற்குப் போய் இரண்டு வருடம்.

ஜூன் 20, சனி

இரண்டு. ஒன்று குப்பை வண்டி.

ஜூன் 28, ஞாயிறு

வெயில் தாழ்ந்த நேரம். மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். வாசல் மணி அடித்தது. சன்னமாக, குருவி மாதிரி இரண்டு தடவை. அப்படியொன்றும் மட்டமான மணி இல்லை.

பட்டாணி எழுந்தான். காது விறைத்தது. வாசலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கேட்டுச்சுடா" என்றேன்.

படுத்துவிட்டான்.

கதவைத் திறந்தேன். மச்சான். ஒரு கையில் சங்கிலி, புத்தம் புதுசு, எண்ணெய் வாடை. நான் தேதி சொன்னதை மறக்கவில்லை மனிதர். மனைவியின் பேனா நின்றுபோனது.

மச்சான் உள்ளே எட்டிப் பார்த்தார். பட்டாணி படுத்தபடியே வாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினான்.

"என்ன மாப்ள, மணியடிக்கிறேன், கதவைத் திறக்கிறீங்க, அந்நிய ஆளு உள்ள வர்றேன். இவன் பாட்டுக்குக் கெடக்குறான்?"

"ஆமாம்" என்றேன்.

"ஒரு குரை இல்ல?"

"இல்லை."

காதருகே கை சொடுக்கினார். பட்டாணி என்னைப் பார்த்தான். நான் கேட்டுச்சு என்றேன். கொட்டாவி விட்டான்.

"கெடுத்துட்டீங்க மாப்ள!" மச்சானுக்கு உண்மையிலேயே வருத்தம். "என்னா குரல் அது! இப்பிடிச் சாதுவாக்கிட்டீங்களே. இதைக் கொண்டுபோய் நான் என்ன பண்றது? கிடங்கையே தூக்கிட்டுப் போனாலும் படுத்துக்கிட்டுப் பாத்துட்டு இருக்கும்."

காவலுக்கு லாயக்கில்லைதான் என்றேன். மனைவி காபி போட எழுந்து போனாள். முகத்தை எங்களுக்குக் காட்டாமல் போனாள்.

மச்சான் காபி குடித்துவிட்டு, சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். லிப்ட் கதவு மூடுகிற சத்தம் வரை கேட்டேன்.

பிறகு இரண்டு மெஷினையும் கழற்றி, சார்ஜ் ஏற டப்பாவில் வைத்து மூடினேன். பட்டாணி எழுந்து வந்து, எனக்கும் வாசலுக்கும் நடுவில், கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.